சாவி யார் கையில்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாட்களும், ஆறிலிருந்து எட்டு வரை 220 நாட்களும் பள்ளி நடந்தாக வேண்டும் என்கிறது. மிச்சம் எவ்வளவு? சின்னப் பிள்ளைகளுக்கு 165 நாள், பெரிய பிள்ளைகளுக்கு 145 நாள். பள்ளி நடக்கிற நாளிலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் படுக்கப் போகும்வரை நாலைந்து மணி நேரம் இருக்கிறது. சேரியில் பிறந்த பிள்ளையின் இந்த நேரம் முழுவதையும் யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

கல்வி என்றால் இட ஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதிச் சோறு என்று பேசுகிறோம். பேசத்தான் வேண்டும், இன்னும் உரக்கப் பேச வேண்டும். ஆனால் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு நடக்கிற கல்வியைப் பற்றி நம் இயக்கங்கள் பேசுவது குறைவு. படிப்பகம், விடுமுறை முகாம், இளைஞர் மன்றம் இவையெல்லாம் 'சமூக சேவை' செய்கிறவர்களின் வேலை, அரசியல் வேலை வேறு என்று ஒரு நினைப்பு நமக்குள்ளே ஊறிக்கிடக்கிறது. அந்த நினைப்போடுதான் இந்தத் தலையங்கம் சண்டை போடுகிறது.

நகரத்து நடுத்தர வர்க்கப் பிள்ளைக்கு மே மாதம் என்றால் கோடை முகாம். நீச்சல், சதுரங்கம், ஓவியம், கீபோர்டு, இந்தி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஜூன் மாதம் அந்தப் பிள்ளை பாடப் புத்தகத்தில் இல்லாத நாலு விஷயத்தோடு வகுப்புக்குத் திரும்புகிறது. ஆசிரியர் 'கெட்டிக்காரன்' என்கிறார். கொஞ்ச காலம் போனதும் அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைத்து விடுகிறார்கள். தகுதி, திறமை என்று நம் முகத்துக்கு நேரே நீட்டப்படுகிற சொற்களில் பாதி, மே மாதத்தில் காசு கொடுத்து வாங்கப்பட்டவை.

சேரிப் பிள்ளையின் மே மாதம் வேறு. செங்கல் சூளைக்குப் போன அப்பா அம்மாவோடு அது கல் அடுக்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் மேஸ்திரியோடு சித்தாள் வேலை. பொம்பளப் பிள்ளை என்றால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சோறாக்குகிற வேலை. வேலைக்குப் போகாத பிள்ளைக்குக் கைபேசி, கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிற அண்ணன்மார், கொஞ்சம் தள்ளி டாஸ்மாக். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சில பிள்ளைகள் திரும்பி வருவதேயில்லை. பள்ளிப் பதிவேட்டில் அதற்கு 'இடைநிற்றல்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தப் பிள்ளை நின்றுபோனது மே மாதத்தில். அந்த மே மாதத்துக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

நேரம் காலியாகக் கிடந்தால் நிரப்ப ஆள் வரும். ஆதிக்க சாதி அமைப்புகள் இதை நன்றாகவே தெரிந்துவைத்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற கலர்க் கயிறு, மோதிரம், நெற்றிக் குறியோடு மாணவர்கள் பள்ளிக்கு வரக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சரியான பரிந்துரைதான். கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்த்துவிடலாம். ஆனால் அது கட்டப்பட்டது பள்ளிக்கு வெளியே, சாயங்காலத்தில், திருவிழாவில், விடுமுறையில். அந்த நேரத்தில் பிள்ளைகளிடம் பேச அவர்களுக்கு ஆள் இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் பேச யார் இருக்கிறார்கள்?

நம் முன்னோர்கள் இந்த நேரத்தின் அருமையை அறிந்திருந்தார்கள். பம்பாய் பரேலில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு. ஒற்றை அறை. அதற்குள் ஒரு முழுக் குடும்பம். அந்த வீட்டுப் பையன் பீமராவ் பள்ளி விட்டதும் சர்னி ரோடு பூங்காவில் உட்கார்ந்து படிப்பார். அங்கே வருகிற கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைக் கவனித்தார், பேச்சுக் கொடுத்தார், புத்தகம் கொடுத்தார். 1907இல் மெட்ரிக் தேறியபோது, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகத் தந்தார். உட்கார ஓர் இடம், கையில் ஒரு புத்தகம், கவனிக்க ஒரு பெரியவர். படிப்பகம் என்பது இவ்வளவுதான். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்கள் பௌத்தம் தழுவியதற்கு ஒரு வேர் அந்தப் பூங்காவில் இருக்கிறது.

அண்ணல் இதை மறக்கவில்லை. 1924 ஜூலையில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது முதலில் செய்த வேலைகள் என்ன? 1925 ஜனவரியில் சோலாப்பூரில் மாணவர் விடுதி. பம்பாயில் இலவச வாசகசாலை. சூதாட்டம், குடி என்று நம் இளைஞர்கள் போய்விடாமலிருக்க ஒரு மகர் ஹாக்கி குழு. மகத் குளத்துப் போராட்டம் நடந்தது 1927இல். ஹாக்கி மட்டையும் வாசகசாலையும் அதற்கு முன்பே வந்துவிட்டன. குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளுகிற கைகள் அதற்கு முன் எங்கேயோ கூடிப் பழக வேண்டியிருந்தது. தமிழ் மண்ணிலும் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். இவர்களில் யாரும் இதைச் சேவை என்று தள்ளி வைக்கவில்லை. அரசியலின் முதல் படி இதுதான் என்று தெரிந்து செய்தார்கள்.

சரி, அரசு என்ன செய்திருக்கிறது? 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு விடாமல் வாதாடியதன் பலன். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, ரூபாய்க்குப் பத்து பைசா. சேரி வீட்டு வரியிலும் அந்தப் பைசா உண்டு. ஆக, நூலகம் நமக்கு யாரும் போடுகிற பிச்சை இல்லை. காசு கட்டியிருக்கிறோம்.

2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல் என்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல திட்டம். ஆனால் போய்ப் பாருங்கள் தோழர்களே. பல இடங்களில் கட்டடம் ஊர்த்தெருவில். கதவில் பூட்டு. சாவி யாரோ ஒரு பெரியவர் வீட்டில். சேரிப் பிள்ளை அந்த வீட்டு வாசலில் நின்று 'ஐயா, சாவி குடுங்க' என்று கேட்க வேண்டும். எந்தப் பிள்ளை கேட்கும்? எந்த அம்மா அனுப்புவாள்? 'சட்டப்படி எல்லாருக்கும் பொதுதானே' என்பார்கள். பொதுதான். ரேஷன் கடையும் பொதுதான், பள்ளிக்கூடமும் பொதுதான். எல்லாம் ஊர்த்தெருவில்தான் நிற்கின்றன. 'உள்ளே வராதே' என்று பலகை வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. சாவியை ஒரு வீட்டில் வைத்துவிட்டால் போதும், தீண்டாமை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெருமைப்பட வேண்டியவை. குழந்தைகளுக்கென்று அழகான தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் குழந்தையின் நூலகம் குழந்தை நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மதுரைக்குப் போக எந்த அம்மாவால் முடியும்? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல்லோடு சேர்த்து அந்தத் தூரத்தையும் நீக்குங்கள் என்கிறோம்.

பூட்டிய நூலகம் நம் பிள்ளைகளின் சிக்கல் மட்டுமில்லை. கறுப்பின மக்களும் இதே கதவைத் தட்டியவர்கள்தாம். 1972இல் பம்பாயில் தலித் பாந்தரைத் தொடங்கியவர்கள் அந்தப் பெயரையே அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். அதற்குப் பத்துப் பதினோரு ஆண்டு முன்னால் நடந்த ஒரு சேதி. 1961 மார்ச் 27. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம். டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நூலகக் கிளைக்குப் போய், அங்கே இல்லாத புத்தகங்களைக் கேட்டார்கள். இல்லையென்று சொன்னதும், வெள்ளையர்களுக்கு மட்டுமான முதன்மை நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

மூன்று ஆண்டு கழித்து, 1964 கோடை விடுமுறையில், அதே மிசிசிப்பியில் நாற்பதுக்கு மேற்பட்ட 'விடுதலைப் பள்ளிகள்' நடந்தன. யோசனையை முன்வைத்தவர் சார்லி காப் என்ற மாணவர் இயக்கத் தோழர். ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், இரண்டாயிரத்துக்கு மேல் வந்தார்கள். தேவாலயங்களில், வீட்டுத் தாழ்வாரங்களில், மரத்தடியில் வகுப்பு. கறுப்பர் வரலாறு, குடியுரிமை, நாடகம், தட்டச்சு, பிரெஞ்சு மொழி. பிள்ளைகளே பத்திரிகை நடத்தினார்கள். வெள்ளை வெறியர்கள் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், குண்டு வைத்தார்கள். வகுப்பு நிற்கவில்லை. அந்தப் பாடத்திட்டத்தின் நடுவில் மூன்று கேள்விகள் இருந்தன. ஆதிக்கப் பண்பாட்டிடம் இருப்பதில் நமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது, நம்மிடம் இருப்பதில் விட்டுவிடக் கூடாதது எது என்பதுதான் அவற்றின் சாரம். கோடை முடிவதற்குள் மெரிடியன் நகரில் பிள்ளைகள் மாநாடு கூட்டி, தங்கள் கோரிக்கைகளைத் தாங்களே எழுதி நிறைவேற்றினார்கள்.

அந்த மூன்றாவது கேள்வியை நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பறையை நம் கலை என்று எடுத்து அடிப்பதா, ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று கீழே வைப்பதா? மாட்டுக்கறி தின்பதை வகுப்பில் ஏன் மறைக்க வேண்டும்? நம் இயக்கங்களே பல பத்தாண்டாக விவாதிக்கிற கேள்விகள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை இதைப் பேசட்டுமே. நாம் பதில் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாயைத் திறக்க இடம் கொடுத்தால் போதும்.

இப்போது நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. சேரிதோறும் அம்பேத்கர் பெயரில் இளைஞர் மன்றம் உண்டு. பெயர்ப் பலகை உண்டு, கொடிக்கம்பம் உண்டு. ஏப்ரல் 14க்கு ஊர்வலம், டிசம்பர் 6க்கு மாலை, பொங்கலுக்குக் கபடி. இவை வேண்டும். ஊர்வலம் போகவே அடி வாங்கிய இடங்கள் உண்டு, அந்த உரிமை சும்மா வந்ததில்லை. ஆனால் நடுவில் இருக்கிற நாட்களில் அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது? ஒரு கேரம் போர்டு, நாலு பேர். எலெக்ஷன் வந்தால் கட்சிக்காரன் கொடுத்த கிரிக்கெட் மட்டை. 'இளைஞர்' என்றால் ஆம்பளைப் பசங்க என்று நாமே அர்த்தம் எழுதிவைத்திருக்கிறோம். நம் தங்கச்சிகள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. வெளியே கூண்டுக்குள் நிற்கிற சிலையை எழுப்ப ரத்தம் சிந்தியிருக்கிறோம். அந்தச் சிலைக்குரியவர் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது தம் புத்தகங்களுக்கு இடம் வேண்டுமென்றே திட்டமிட்டுக் கட்டினார். அவர் பெயரில் இருக்கிற மன்றத்தில் ஒரு அலமாரி இல்லையென்றால் என்ன நியாயம்?

இன்னொரு பக்கம் தொண்டு நிறுவனங்கள். உண்மையாக உழைப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் திட்டக் காலம் மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம்தான். புத்தகம் வரும், போட்டோ எடுப்பார்கள், அறிக்கையில் நம் பிள்ளைகள் 'பயனாளிகள்' ஆவார்கள். நிதி நின்றதும் அலமாரியும் வண்டியேறும். இங்கேயும் சாவி வேறொருவர் கையில்தான் இருந்தது. 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது வேறொரு விஷயம் வெளியே தெரிந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, படித்த பெண்கள் தெருத்தெருவாக முன்வந்தார்கள். நம் தெருவிலும் அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். கூப்பிட ஆள் இல்லாமல்தான் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்? வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்குத் தெரிந்த ஒரு முறை உண்டு. பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டு பேரிடம் இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். படிப்பகத்துக்கும் இரண்டு சாவி போடுங்கள், ஆனால் தலைகீழாக. ஒவ்வொரு சாவியும் தனியாகவே திறக்க வேண்டும். ஒன்று தெருவில் இருக்கிற ஒரு பெண்ணிடம், இன்னொன்று பிள்ளைகளிடம். பணத்துக்கு மட்டும் வங்கி முறை. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யலாம். பதிவுச் சான்று, துணைவிதி, தீர்மானம், பான் அட்டை இருந்தால் சங்கத்தின் பெயரில் கணக்கு தொடங்கலாம். காசு எடுக்க இருவர் கையெழுத்து, அதில் ஒன்று கட்டாயம் பெண்ணுடையது. மாதம் ஒரு முறை கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நம் மன்றங்கள் பல உடைந்தது கொள்கைச் சண்டையில் அல்ல, வசூல் கணக்கில்.

புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். முதல் நாள் ஒரு பிள்ளை கேட்கும்: 'அண்ணே, இத வூட்டுக்கு எடுத்துனு போலாமா?' எடுத்துனு போ என்று சொல்லுங்கள். கிழியும், தொலையும், தம்பி கிறுக்கி வைப்பான். பரவாயில்லை. புதுசாகவே இருக்கிற புத்தகத்தை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால் இருட்டுவதற்குள் முடியுங்கள், அல்லது கொண்டுவிட ஆள் போடுங்கள். சூளைக்குப் போகிற குடும்பத்தோடு ஒரு பெட்டி புத்தகம் போகட்டும். மார்க் வாங்க உதவுங்கள், ஆனால் டியூஷன் சென்டராக மாற்றிவிடாதீர்கள். பள்ளியில் ஏழு மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளை இங்கேயும் பொத்திக்கொள்ள வேண்டுமா?

மே மாதத்தில் பத்து நாள் முகாம் வையுங்கள். சேரியிலேயே சோறு, முட்டையோடு. ஒரு நாள் நாடகம், ஒரு நாள் நட்சத்திரம், ஒரு நாள் நம் தெருவின் வரலாற்றைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதுவது. ஒரு நாள் வங்கி. பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்த 2014இல் ரிசர்வ் வங்கி வழி செய்தது. வங்கி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற நம் பெரியவர்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஆயா, செருப்பப் போட்டுக்கினே வா' என்று சொல்ல ஒரு பேத்தி கூட வந்தால் போதும்.

இன்னொரு நாள் மனு எழுதுகிற நாள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது, கட்டணம் பத்து ரூபாய். மன்றத்து அண்ணன் அக்கா கையெழுத்துப் போட, பிள்ளைகள் கேள்விகளைச் சொல்லட்டும். எங்கள் ஊராட்சியில் நூலக வரி எவ்வளவு வசூலானது? நூலகம் போன வருஷம் எத்தனை நாள் திறந்திருந்தது? சாவி யாரிடம் இருக்கிறது? பதில் வருவதற்குள்ளேயே சில பூட்டுகள் திறக்கும்.

இதெல்லாம் புரட்சியா என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். நாளைக்குப் போராட்டத்துக்கு ஆள் வேண்டும், வழக்கு எழுத வக்கீல் வேண்டும், நம் கதையை எழுத எழுத்தாளர் வேண்டும். அவர்களெல்லாம் இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவர்கள் எங்கே என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வருகிற ஏப்ரல் 14க்கு வசூலாகிற பணத்தில் நாலில் ஒரு பங்கை பேனருக்குக் கொடுக்காமல் எடுத்து வையுங்கள். ஊர்வலம் முடிந்து கொடியை மடித்துவைக்கிற அன்று ராத்திரியே மன்றத்து அறையைக் கூட்டி, ஒரு அலமாரி போட்டு, சாவியைக் கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நடந்ததை எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. எழுத்துப் பிழையோடு அப்படியே போடுவோம்.